முதல் முகம்

வார்டில் யாரும் அழவில்லை. பஞ்சுக்கைக்கு முதலில் உறுத்தியது அதுதான்.

பதினாறு வருஷம் பெரியவர்களின் ஆபரேஷன் வார்டில் குப்பை கொட்டியவள் அவள். அங்கே முறுக்கிய மீசையோடு வந்து படுக்கிற ஆண்பிள்ளைகள், தையல் பிரிக்கும்போது செத்துப்போன அம்மாவைக் கூப்பிட்டு ஊரைக் கூட்டுவார்கள். ஊசி ஏறியதும் தெரியாது, இறங்கியதும் தெரியாது என்று அவர்கள் வைத்த பெயர்தான் பஞ்சுக்கை. மூன்றாம் மாடியில் குழந்தைகள் வார்டுக்கு மாற்றல் வந்தபோது, "இனிமே பஞ்சைக் காதுல வச்சுக்க" என்று கூட வேலை பார்த்தவர்கள் கேலி செய்து அனுப்பினார்கள்.

வந்து பார்த்தால் ஆறு கட்டில். ஆறிலும் வயிறோ காலோ முதுகோ அறுபட்டு, சில நாட்களே ஆன பிள்ளைகள். பிற்பகல் மூன்று மணி வெயில், ஜன்னலின் மங்கல் கண்ணாடி வழியாகப் பால்போல வழிந்து, நேற்றே கழுவியும் இன்னும் டெட்டால் நெடி அடிக்கிற தரையில் கிடந்தது. மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை தொண்டையைக் கனைத்தது. மூலைக் குழாய் சொட்டியது. அவற்றுக்கு அடியில் இன்னொரு சத்தம், யாரோ கற்கண்டை வாயில் போட்டு அவசரமில்லாமல் கடிப்பதுபோல, நறநறவென்று.

எலியாக இருக்கும் என்று குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். ஒன்றுமில்லை. சத்தம் இரண்டாம் கட்டிலிலிருந்து வந்தது. தடித்த கண்ணாடி போட்ட ஒன்பது வயசுப் பையன் ஒருவன் கூரையைப் பார்த்துப் படுத்திருந்தான். வார்டில் அவனுக்குச் சோடாபுட்டி என்று பெயர். வாய் மூடியிருந்தது. கன்னத்துக்குள் ஏதோ முடிச்சு ஏறி இறங்கியது. அவள் கிட்டே போனதும் சத்தம் நின்றது.

நான்காம் கட்டிலில் ஆரம்பித்தது.

"கொடுத்து வச்ச வார்டு சிஸ்டர் இது" என்றாள் துணி மாற்ற வந்த ஆயா. "மத்த இடத்துல ஒண்ணு அழ ஆரம்பிச்சா ஒன்பது சேர்ந்துக்கும். இங்க நான் நின்னுகிட்டே தூங்கலாம்."

வார்டில் நடந்தது ஓர் ஆராய்ச்சி. அறுவை முடிந்த பிள்ளைகளுக்குப் புதிதாக ஒரு வலிமருந்து. சொட்டுக்குழாயில் தொங்கிய பாட்டில்களில் சிலவற்றில் அந்த மருந்து இருந்தது, சிலவற்றில் வெறும் உப்புத்தண்ணீர். எதில் எது என்று பிள்ளைக்கும் தெரியாது, பெற்றவர்களுக்கும் தெரியாது, நர்ஸுக்கும் தெரியாது. பக்கத்தில் அம்மா இருந்தால் பிள்ளை பதிலை மாற்றிச் சொல்லும் என்று பெற்றவர்களைக் காலையில் ஒருமணி நேரம்தான் விட்டார்கள். இரண்டு மணிக்கொருமுறை நர்ஸ் ஓர் அட்டையை நீட்ட வேண்டும். அதில் ஆறு முகங்கள். முதல் முகம் சிரிக்கும், ஆறாவது அழும். எந்த முகத்தைத் தொடுகிறார்களோ அதைக் குறிக்க வேண்டும். நான்காவதையோ அதற்கு மேலோ தொட்டால் உடனே தொடையில் பழைய, நம்பிக்கையான ஊசி. அத்தோடு அந்தப் பிள்ளைக்கு ஆராய்ச்சி முடிந்தது, கீழ்த்தளத்து வார்டுக்கு மாற்றிவிடுவார்கள்.

சோடாபுட்டியிடம் அட்டையை நீட்டினாள். "எந்த முகம் ராஜா?"

அவன் விரல் நேராக முதல் முகத்துக்குப் போனது.

அவன் நெற்றிப்பொட்டில் முத்து முத்தாக வேர்வை கட்டியிருந்தது. மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். நாடி ஓடிவந்தவனுடையது போலத் துடித்தது. தாளைப் புரட்டினாள். வேர்வைக்குக் கட்டம் இல்லை. முதல் முகத்துக்கான பூஜ்யத்தைப் போட்டுக் கையெழுத்து வைத்தாள்.

ஆறு பிள்ளைகள். ஆறும் முதல் முகம்.

ஒருவாரம் இப்படியே போனது. அதற்குள் அவள் கண்ணில் சில விஷயங்கள் படத் தொடங்கின. தலையணை உறைகளின் ஓரங்கள் சல்லடையாகக் கிழிந்திருந்தன. "எலிதான், வேறென்ன" என்றாள் ஆயா. ஆனால் கிழிசல்கள் ஈரமாக இருந்தன. கை கழுவிவிடும்போது பார்த்தாள், உள்ளங்கை ஒவ்வொன்றிலும் நகம் பதிந்த நான்கு பிறைகள், சில பழையதாகக் கறுத்து, சில அன்றைக்கே சிவந்து. ஐந்தாம் கட்டில் சிறுமிக்கு முதுகில் அறுவை. அவள் காதுக்குப் பின்னால் ஒரு ரூபாய் அகலத்துக்கு முடியே இல்லை. "என்ன கண்ணு இது?" என்று கேட்டால் சிரித்தாள். நல்ல சிரிப்பு. போட்டோவுக்குச் சொல்லி வைத்தது போன்ற சிரிப்பு.

அன்று சாயங்காலம் தரை துடைத்திருந்ததால் பஞ்சுக்கை செருப்பைக் கழற்றிவிட்டு வந்தாள். காலடி கேட்கவில்லை. கதவருகே வந்தபோது உள்ளே பேச்சுக் குரல்.

ஆறாம் கட்டிலில் இருந்தவளுக்குப் பதினோரு வயசு. தொடை எலும்புக்கு ஐந்தாவது அறுவை. வார்டிலேயே மூத்தவள், எல்லாருக்கும் பாடம் சொல்லித்தருகிறாள் என்று அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் இப்போது பாடம்தான் நடத்திக்கொண்டிருந்தாள்.

"வலி வந்தா?"

"ஆயிரத்துலேர்ந்து கீழ எண்ணணும்" என்றன குரல்கள், கிசுகிசுப்பாக, ஒன்றாக.

"சிஸ்டர் வந்தா?"

"சிரிக்கணும்."

"எப்படி?"

"பல்லு தெரியாம. பல்லு தெரிஞ்சா பொய்யின்னு கண்டுபிடிச்சிடுவாங்க."

"குண்டுப் பையன் எதைத் தொட்டான்?"

"நாலாவது."

"அப்புறம்?"

"ஊசி போட்டு, வண்டில வச்சு, கீழ கொண்டு போனாங்க."

"திரும்பி வந்தானா?"

மின்விசிறி கனைத்தது.

பஞ்சுக்கை கதவைத் தள்ளினாள். உள்ளே போய் டீச்சரின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். அவள் வருவதற்கு முன் இங்கே இருந்த குண்டுப் பையன் கீழ்த்தளத்தில் நான்கு நாள் இருந்துவிட்டுக் குணமாகி வீட்டுக்குப் போய்விட்டான், கீழே இதைவிடப் பெரிய ஜன்னல், டிவிகூட உண்டு என்று பொறுமையாக எடுத்துச் சொன்னாள். பிள்ளைகள் முழுவதும் கேட்டார்கள்.

"சரி சிஸ்டர்" என்றாள் டீச்சர்.

"நான் பொய் சொல்லலம்மா."

"சரி சிஸ்டர். தூங்கி எந்திரிச்சா ஒண்ணுமே தெரியாதுன்னு ஆபரேஷனுக்கு முன்னாடி டாக்டர் சொன்னாரு. அப்பவும் நாங்க சரின்னுதான் சொன்னோம்."

அவள் குரலில் கோபம் இல்லை, துடுக்கும் இல்லை. விருந்தாளியிடம் பேசுகிற மரியாதை மட்டும் இருந்தது.

மறுநாள் காலை பஞ்சுக்கை பெரிய டாக்டரின் அறைக்குப் போனாள். ஆராய்ச்சி அவருடையது. மெல்லப் பேசுகிறவர், நர்ஸ் வந்தால் எழுந்து நாற்காலி போடுகிறவர், நாற்பது வருஷமாகக் குழந்தைகளுக்காகவே உயிரை விடுகிறவர். எல்லாவற்றையும் கேட்டார். தலையணை, உள்ளங்கை, முடி, பாடம்.

"சிஸ்டர், நான் படிக்கிற காலத்துல பச்சைக்குழந்தைக்கு வலியே தெரியாதுன்னு சொல்லிக்கொடுத்தாங்க. மயக்கமருந்து பேருக்குத்தான், அப்படியே அறுப்பாங்க. அது கத்தும். கத்துறது பழக்கம்பாங்க. குழந்தை சொல்றதை நம்புங்கய்யான்னு தொண்டைத்தண்ணி வத்தக் கத்தி இந்த அட்டையைக் கொண்டு வந்தோம். இப்ப நீங்க வந்து, அதுங்க சொல்றதை நம்பாதீங்கன்னு சொல்றீங்க."

"அதுங்க பயந்து சொல்லுதுங்க சார்."

"பயத்தை எப்படி அளக்கிறது? எழுத்துல என்ன இருக்கு? எல்லாம் பூஜ்யம். எல்லாத்துலயும் உங்க கையெழுத்து." அவர் கோபப்படவே இல்லை. "இத்தனை பூஜ்யம் சொன்னதுல ஒரே ஒரு குழந்தை நாலாவது முகத்தைத் தொடட்டும். ஒண்ணே ஒண்ணு. நானே இதை நிறுத்திடறேன்."

வீட்டுக்குப் போனாள். அவளுக்கும் ஒரு மகள், ஒன்பது வயசு. தலையில் சிக்கெடுத்து வாரிக்கொண்டிருந்தபோது, நினைப்பு எங்கேயோ போய் சீப்பைக் கொஞ்சம் வேகமாகவே இழுத்துவிட்டாள். "வலிக்குதாடி?"

"இல்லம்மா."

எதிரே கண்ணாடியில் பார்த்தாள். மகளின் கண் இரண்டும் நிரம்பியிருந்தன.

"வலிக்குதுன்னா சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா நீ கோவிச்சுப்ப." மகள் சிரித்தாள்.

பல் தெரியவில்லை.

அடுத்த வாரம் மூன்றாம் கட்டில் பிள்ளை குணமாகி வீட்டுக்குப் போக, அந்த இடத்துக்கு ஒரு புதுப் பையன் வந்தான். ஆறு வயசு, உருண்டைத்தலை, பட்டாணி என்று கொண்டுவந்த அம்மாவே கூப்பிட்டாள். குடலில் ஒரு சின்ன அறுவை. பெற்றவள் கையெழுத்துப் போட்டாயிற்று. ஆனால் பிள்ளையின் சம்மதமும் வேண்டும் என்பது விதி. அதற்கென்று படம் போட்ட தாள் ஒன்று உண்டு. பஞ்சுக்கைதான் வாசித்துக் காட்டினாள்.

"வேணாம்னு சொன்னா என்ன செய்வீங்க?" என்று கேட்டான் பட்டாணி.

"ஒண்ணும் செய்யமாட்டோம். உன் இஷ்டம்தான்."

"அப்ப வேணாம்."

"ஏன் கண்ணு? நீ நல்ல பையன் இல்ல?"

வாய் தவறித்தான் வந்தது. பிள்ளைகளிடம் பேசிப் பேசி நாக்கில் தழும்பேறிய வார்த்தை. பட்டாணி அம்மாவைப் பார்த்தான். அம்மா தரையைப் பார்த்தாள். அவன் பென்சிலை வாங்கித் தாளின் அடியில், கோடு தாண்டி, பெயரை எழுதினான். ஆறாம் கட்டிலிலிருந்து டீச்சர் பார்த்துக்கொண்டிருந்தது, பஞ்சுக்கை நிமிர்ந்தபோதுதான் தெரிந்தது.

அறுவை முடிந்து வந்த அன்று பட்டாணி அழுதான். கால்மணி நேரம். அப்புறம் நிறுத்திவிட்டான். யார் என்ன சொன்னார்கள் என்று தெரியாது. அட்டையை நீட்டினால் முதல் முகம். காலை முதல் முகம். மத்தியானம் முதல் முகம். இரண்டாம் நாள் சாயங்காலம் அவன் உதடு வெளுத்து, மூச்சு நாய்க்குட்டியின் மூச்சுபோல மேலே மேலே ஓடிக்கொண்டிருந்தது. பஞ்சுக்கை அட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு வயிற்றில் கை வைத்தாள்.

பலகை.

ஆறு வயசுப் பிள்ளையின் வயிறு மரப்பலகைபோல இறுகிக் கிடந்தது. தையல் உள்ளே விட்டு, குடல் ஒழுகி, எத்தனை மணி நேரமோ. பெரியவனாக இருந்தால் கட்டிடமே அதிரக் கத்தியிருப்பான். பட்டாணி அவள் முகத்தைப் பார்த்தபடி கீழே கிடந்த அட்டைக்காக விரலை நீட்டினான்.

வண்டியில் வைத்துக் கீழே ஆபரேஷன் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். விடியற்காலையில் போய்விட்டான்.

பெரிய டாக்டர் அழுதார். நிஜமாகவே அழுதார், கண்ணாடியைக் கழற்றிவிட்டு, வெட்கப்படாமல். பிறகு தாள்களைப் பஞ்சுக்கை பக்கம் திருப்பிவைத்தார். இரண்டு மணிக்கொரு பூஜ்யம். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் அவள் கையெழுத்து, ஒவ்வொன்றும் அழகாக, ஒரே மாதிரி.

"வலி இல்லாத பிள்ளைக்கு இப்படி ஆகும்னு யார் நினைப்பா சிஸ்டர்?" என்றார். "மருந்து அவ்வளவு நல்லா வேலை செஞ்சிருக்கு."

"அது மருந்தா உப்புத்தண்ணியா சார்?"

"அது எனக்கும் தெரியக் கூடாது. முடியறவரைக்கும்."

அன்று பிற்பகல் டூட்டிக்கு வந்தாள். மூன்றாம் கட்டில் காலி. உறை மாற்றி, விரிப்பின் நான்கு மூலையும் சுருக்கமில்லாமல் மடித்து வைத்திருந்தார்கள். மற்ற ஐந்து பேரும் அதைப் பார்க்காமல் படுத்திருந்தார்கள். பார்க்காமல் இருப்பதற்கு அவர்கள் எடுத்த சிரமம் கழுத்து நரம்புகளில் தெரிந்தது. கீழே போனவன் திரும்பி வரவில்லை. இனி அவள் எந்த வாயை வைத்துக்கொண்டு என்ன சொல்ல முடியும்?

ஒரே ஒரு குழந்தை. நாலாவது முகம். ஒண்ணே ஒண்ணு.

ஆயாவைத் துணி எடுத்துவர அனுப்பினாள். கதவைச் சாத்தினாள். சோடாபுட்டியின் கட்டிலில் போய் உட்கார்ந்தாள். இவன்தான் மெத்தென்ற பிள்ளை. இவனால் தாங்க முடியாது. குடல்வால் எடுத்த வயிறு, வலப்பக்கம் விரல்நீளத் தையல்; அது சீழ்கட்டி, இரண்டாம் தடவை பிரித்துத் தைத்தது.

"ராஜா, சிஸ்டருக்கு ஒரு உதவி செய்வியா? நாலாவது முகத்தைத் தொடு. ஒரே ஒரு தடவை. அப்புறம் யாருக்கும் இந்த அட்டையே கிடையாது. எல்லாருக்கும் நல்ல மருந்து. எல்லாரும் அம்மாகிட்ட போகலாம்."

அவன் அவளைத் தாண்டி ஆறாம் கட்டிலைப் பார்த்தான். பிறகு அவளை.

"எனக்கு வலிக்கல சிஸ்டர்."

"வலிக்குதுடா. எனக்குத் தெரியும்."

"வலிக்கல."

போர்வையை விலக்கினாள். கட்டை மெல்லப் பிரித்தாள். மருந்தும் பழைய ரத்தமும் கலந்த இனிப்பு நெடி எழுந்தது. தையலுக்கு ஒரு விரற்கடை தள்ளிக் கட்டைவிரலை வைத்தாள். சும்மா வைத்தாள். தோல் அனலாக இருந்தது.

"இப்ப?"

அவன் அட்டையை நெஞ்சில் சாய்த்து வைத்துக்கொண்டு முதல் முகத்தைத் தொட்டான்.

கொஞ்சம் அழுத்தினாள். இவர்களுக்காகத்தான். பட்டாணிக்காகத்தான். நறநறவென்று அவன் பற்கள் உள்ளே அரைபட்டன. அவள் விரலுக்கே அந்த அதிர்வு வந்து சேர்ந்தது.

"இப்ப சொல்லு. எந்த முகம்?"

முதல் முகம்.

"பொய் சொல்லாத." இன்னும் கொஞ்சம். "நாலாவதைத் தொடு. தொட்டா எடுத்துடறேன்."

கண்ணாடிக்குக் கீழே தண்ணீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. சிரித்தான். பல் தெரியாமல்.

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் அவளுக்குள் ஏதோ நிறம் மாறியது. இரக்கம் இருந்த இடம் அது. இப்போது அங்கே வேறொன்று. பதினாறு வருஷக் கை. ஊரையே சாந்தப்படுத்திய கை. இந்தப் பொடியன் அதை ஏமாற்றப் பார்க்கிறான்.

"அழு" என்றாள். "அழுடா."

விரல் தையலுக்கு வந்தது. தையல்மேல் நின்றது. வார்டில் எங்கோ ஒரு கிசுகிசு. தொள்ளாயிரத்து எழுபத்தி ஒண்ணு. தொள்ளாயிரத்து எழுபது. ஒருவர் அல்ல. எல்லாரும்.

"அழு."

முடிச்சு ஒன்று விட்டது. விரலில் சூடு. ஈரம். அவன் முதுகு வில்லாக வளைந்தது. அட்டை ஆடியது. அவன் விரல் மட்டும் ஆடவில்லை. சிரிக்கிற முகத்தின்மேல். அழுந்தி. நகம் வெளுத்து.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. தன் மூச்சுச் சத்தம் கேட்டு நிறுத்தினாள். ஓடிவந்தவளின் மூச்சு. கையை எடுத்தாள். சிவந்த கட்டைவிரலைப் பார்த்தாள். யாருடையதோ போலிருந்தது.

சோடாபுட்டி தொண்டையைச் செருமினான். "முடிஞ்சுதா சிஸ்டர்?"

"முடிஞ்சுதுப்பா" என்றாள். "முடிஞ்சுது."

"நான் சரியா செஞ்சேனா?"

பதில் சொல்ல வாயெடுத்தாள். அப்போது பின்னால் ஒரு சத்தம். ஈரத்துணியை மெதுவாகக் கிழிப்பதுபோல. நின்றது. மறுபடி, வேறொரு இடத்தில். இன்னொரு இடத்தில்.

திரும்பினாள்.

மீதி நான்கு பேரும் எழுந்து உட்கார்ந்திருந்தார்கள். டீச்சர் தொடையில் சுற்றிய கட்டைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்து, பள்ளிக்கூட ரிப்பன்போல ஒழுங்காகச் சுருட்டி வைத்துக்கொண்டிருந்தாள். முதல் கட்டில் பையன் விலாவிலிருந்து பிளாஸ்டரை உரித்துக்கொண்டிருந்தான்; தோலோடு ஒட்டிய இடத்தில் நின்று, மூச்சை இழுத்து, மறுபடி உரித்தான். ஐந்தாம் கட்டில் சிறுமிக்குக் கை முதுகுக்கு எட்டவில்லை. அவள் நகர்ந்து நான்காம் கட்டில் பையனுக்கு முதுகைக் காட்டினாள். அவன் நாக்கை உதட்டோரம் துருத்திக்கொண்டு, கவனமாக, ஓர் ஓரத்திலிருந்து பிடித்து இழுத்தான்.

எல்லாம் திறந்தது. சாயங்கால வெளிச்சத்தில் நான்கு காயங்களும் ஈரமாகப் பளபளத்தன. பிள்ளைகள் அவரவர் அட்டையை எடுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டார்கள். யார் முதலில் என்று டீச்சர் கண்ணாலேயே கேட்டாள். முதல் கட்டில் பையன் கை தூக்கினான். தூக்கிய கையை இறக்காமல், அவள் வருவதற்காக, கால்களை ஒதுக்கிக் கட்டிலில் இடம் விட்டுக் காத்திருந்தான்.